மலைக்குள் போனபின் மழைச் செய்தி சொல்வது யார்?



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீட்டு இளைஞர்களுக்குக் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. முன்பெல்லாம் விடுமுறை என்றால் பத்துமலை, பினாங்குக் கடற்கரை, பெரியம்மா வீடு என்று முடிந்துவிடும். இப்போது நாலைந்து பேர் சேர்ந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறக் கிளம்பிவிடுகிறார்கள். குனோங் ஜெராய், லேடாங், தகான் என்று ஒவ்வொன்றாக ஏறி, கையில் காசு சேர்ந்தால் சபாவுக்குப் போய்க் கினபாலு, இன்னும் சேர்ந்தால் நேபாளம் என்று போகிறார்கள். உடம்புக்கும் மனத்துக்கும் நல்ல பழக்கந்தான். வேலை முடிந்ததும் கைப்பேசியோடு மூலையில் சுருண்டு கிடப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால், வழியனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர்க்கு வயிற்றில் நெருப்பு. என்னிடம் படித்த மாணவன் ஒருவனுடைய தாயார் அண்மையில் பள்ளிக்கு வந்திருந்தார். "டீச்சர், பையன் நாலு நாளைக்கு மலைக்குப் போறேங்கிறான். மழை வருமான்னு கேட்டா, போன்ல பாத்துட்டேம்மா, நல்லாத்தான் இருக்குன்னு சொல்றான். நம்பி அனுப்பலாமா?" என்று கேட்டார்.

அந்தத் தாயின் கேள்வியில் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. பையன் பார்த்த வானிலை எந்த இடத்துக்கு உரியது? எந்த நாளுக்கு உரியது? மலைக்குள் நுழைந்து லைன் அறுந்துபோனபின், வானிலை மாறினால் அவனுக்குச் செய்தி சொல்வது யார்? இந்த மாதம் இந்த மூன்றையுந்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

ஊர் வானிலை வேறு, மலை வானிலை வேறு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வானிலை புதிய பாடமல்ல. பால்வெட்டுக்காரர்கள் விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போதே வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். பட்டை நனைந்திருந்தால் பால் மங்கில் விழாது. மரத்தோடு வழிந்து வீணாகும். அன்றைய வேலையும் போச்சு, கூலியும் போச்சு. மழையைக் கணிப்பது அவர்களுக்குச் சோற்றுப் பாடு. ஆனாலும் அந்த அனுபவம் அந்தத் தோட்டத்துக்கும் அதைச் சுற்றியுள்ள நாலு மைலுக்குந்தான் செல்லும். அதே மனிதரை மலை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கும் திகைப்புத்தான்.

காரணம் எளிது. ஈரக்காற்று மலையில் மோதினால் போக வழியின்றி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் தன் ஈரத்தைத் தாங்கமுடியாது. மேகமாகி மழையாகக் கொட்டுகிறது. தைப்பிங்கைப் பாருங்கள். பின்னால் புக்கிட் லாருட் மலை நிற்பதால் அந்த ஊர் தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று என்று பெயர் வாங்கியிருக்கிறது. "இன்று மழை பெய்யுமா, பெய்யாதா?" என்று அந்தக் காலத்தில் அங்கே பந்தயம் கட்டுவார்களாம். சற்றுத் தள்ளியுள்ள ஊர்களில் வெயில் காயும்போது அங்கே குடை விரிந்திருக்கும். அடிவாரத்துக்கே இந்தக் கதி என்றால் மலைக்குள் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வெப்பநிலையும் அப்படித்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கடலோரத்தில் 30 டிகிரி என்றால், 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு உச்சியில் நாலு டிகிரிகூட இராது. 2,187 மீட்டர் உயரமுள்ள தகான் உச்சியில் பதினாறு. பதினாறு டிகிரி ஒன்றும் கடுங்குளிர் இல்லையே என்பீர்கள். உடம்பெல்லாம் நனைந்து, மேலே காற்றும் வீசினால் அந்தப் பதினாறே நடுங்க வைக்கும், கை விரைத்துப் போகும், யோசனை தடுமாறும். மலையில் பலரைச் சாய்ப்பது இந்த ஈரக்குளிர்தான்.

சரி, கைப்பேசிச் செயலி மலையின் பெயரைப் போட்டே வானிலை காட்டுகிறதே என்று கேட்கலாம். உலக முழுதுக்கும் கணக்குப் போடும் கணினிகள் பூமியைக் கட்டங் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பல செயலிகளுக்கு அடிப்படையாக உள்ள கணக்குகளில் ஒரு கட்டத்தின் அகலம் 9 கிலோமீட்டர், 13 கிலோமீட்டர் என்ற அளவில் இருக்கிறது. அந்த ஒரு கட்டத்துக்குள் உச்சியும் உண்டு, பள்ளத்தாக்கும் உண்டு, ஆறும் உண்டு. எல்லாவற்றையும் சராசரியாக்கித்தான் கணினி பார்க்கிறது. ஆகவே அது காட்டும் "மலை", உண்மையான மலையைவிடக் குட்டையானது. செயலியில் இடத்தின் உயரம் குறிப்பிட்டிருந்தால் அதை முதலில் பாருங்கள். நீங்கள் ஏறப்போகும் உயரத்துக்கும் அதற்கும் ஆயிரம் மீட்டர் வித்தியாசம் இருந்தால், வெப்பநிலையில் ஆறு ஏழு டிகிரி நீங்களே கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கிளம்புமுன் பார்க்க வேண்டியவை

முதலில் பருவம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை நாள்கணக்கில் நின்று பெய்யும். அந்த மாதங்களில் தகான் பக்கம் போவதற்கில்லை. வழியை அடைத்து வைப்பதும் அதனால்தான். மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஒப்பிட்டால் மழை குறைவு. இரண்டுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர் காலத்தில் மேற்குக் கரையிலும் உள்நாட்டிலும் பிற்பகல் ஆனால் இடியும் மின்னலும்.

அடுத்தது, நம் நாட்டு வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பு. மெட்மலேசியா என்று சொல்கிறோமே, அதுதான். ஏழு நாள்களுக்கான வானிலையைக் காலை, பிற்பகல், இரவு என்று பிரித்துத் தருகிறது. ஊர்களுக்கு மட்டுமின்றிப் பொழுதுபோக்குத் தலங்களுக்கும் தனியே உண்டு. 'மைசுவாச்சா' என்னும் அதன் செயலியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தொடர்மழைக்கு அது மூன்று படியில் எச்சரிக்கை விடுகிறது. வாஸ்படா என்றால் மஞ்சள், விழிப்பாயிரு. புரோக் என்றால் ஆரஞ்சு, நிலைமை மோசம். பஹாயா என்றால் சிவப்பு, ஆபத்து. மஞ்சள் வந்துவிட்டாலே மலைப்பயணத்தைத் தள்ளிவைப்பதுதான் அறிவுடைமை. வனத்துறையிடம் அனுமதி எடுக்கும்போதும் வழி திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இடிமழைக்கு விடும் எச்சரிக்கை வேறு வகை. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் அறிகுறி தெரிந்தால் அதை விடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அது ஆறு மணி நேரத்துக்குமேல் செல்லாது. இதை நன்றாக மனத்தில் வையுங்கள். இடிமேகம் பிறந்து, வளர்ந்து, பெய்து ஓய்வதெல்லாம் ஓரிரு மணி நேரத்துக்குள் நடந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சனிக்கிழமை மூன்று மணிக்கு இந்த மலையில் இடி விழும் என்று எவராலும் சொல்லமுடியாது. "பிற்பகலில் இடிமழை பெய்யக்கூடும்" என்றுதான் சொல்லமுடியும். இன்ன நேரம், இன்ன இடம் என்கிற செய்தி அன்றைக்குத்தான் பிறக்கும். அன்றைக்கு நம் பையன் லைன் இல்லாத காட்டுக்குள் இருப்பான். சங்கடம் இங்கேதான்.

"40 விழுக்காடு மழை" என்று போட்டிருந்தால் அதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாளில் பாதி நேரம் மழை என்று பொருளல்ல. பாதி மழை என்றும் பொருளல்ல. அதே மாதிரி பத்து நாள்கள் வந்தால் அவற்றில் நாலு நாள் மழை பெய்யும் என்பதே பொருள். வீட்டுக் கொடியில் துணி காயப்போட நாற்பது விழுக்காடு பரவாயில்லை. ஆற்றைக் கடந்து மறுகரையில் கூடாரம் போட நாற்பது விழுக்காடு மிக அதிகம்.

செய்தி இருந்தது, போய்ச் சேரவில்லை

இந்த இடத்தில் ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்லவேண்டும். நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிவரும் நடைபாதை உலகப் புகழ் பெற்றது. அதன் உச்சக் கணவாய் தோரோங் லா. உயரம் 5,416 மீட்டர். அக்டோபர் மாதம் அங்கே வானம் பளிங்கு போலிருக்கும் என்று ஆயிரக்கணக்கானோர் போவார்கள்.

2014 அக்டோபர் 12ஆம் நாள் 'ஹுட்ஹுட்' என்னும் புயல் ஆந்திரத்தில் விசாகப்பட்டினத்தில் கரையைத் தாக்கியது. அது வரப்போவது நாள்கணக்கில் முன்பே தெரிந்த செய்தி. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அதே பேச்சு. கரையேறிய புயல் காற்று தணிந்து வடக்கே நகர்ந்தது. தணிந்ததே ஒழிய, வங்கக் கடலில் குடித்த ஈரத்தை அது விடவில்லை. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடந்து 14ஆம் நாள் இமயத்தில் மோதியது. கடலோரத்தில் மழையாகக் கொட்டியது அங்கே பனியாகக் கொட்டியது. கணவாயைக் கடந்துகொண்டிருந்தவர்களுக்கு வழி தெரியவில்லை. முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. அந்தப் பேரிடரில் 43 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். வெளிநாட்டுப் பயணிகள், அவர்களை அழைத்துச் சென்ற வழிகாட்டிகள், கூலிக்குச் சுமை தூக்கியவர்கள், கால்நடை மேய்த்தவர்கள் எல்லாரும் அதில் அடக்கம்.

ஒரு புயல் இரண்டு நாள்களுக்குமுன் எங்கே இருந்தது என்பது உலகுக்கே தெரிந்திருக்க, அதன் பாதையில் நடந்துகொண்டிருந்த பலருக்கு மட்டும் தெரியாமல் போனது. வானிலை அறிவு குறைவாக இருந்ததால் நேர்ந்த சாவு என்று இதைச் சொல்லமுடியாது. அறிந்தவர்களிடமிருந்து நடப்பவர்களிடம் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சரியான ஏற்பாடு இல்லை. அந்தக் கணவாய் அன்று காலை வரை பார்வைக்கு அழகாகவே இருந்திருந்தாலும், ஒரே ஒரு வரிச் செய்தி கீழே தங்கிவிடச் சொல்லியிருக்கும்.

செய்தி மலையேறும் வழிகள்

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1953இல் ஹில்லாரியும் டென்சிங்கும் எவரெஸ்ட் உச்சியை அடைந்த பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழுவுக்காகவே அகில இந்திய வானொலியும் பிபிசியும் சிறப்பு வானிலை அறிக்கைகளை ஒலிபரப்பின. கூடாரத்தில் இருந்த வானொலிப் பெட்டிதான் அவர்களுக்கு உலகத்தோடு இருந்த நூல். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, செய்திக்கு வழி செய்துகொண்டு பிறகு ஏறினார்கள்.

நம் மலேசியக் கொடியை எவரெஸ்ட்டில் முதன்முதலில் நாட்டியவர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாசும். 1997 மே 23. நமக்கெல்லாம் பெருமை தந்த அந்த நாள் மே மாதக் கடைசியில் வந்தது தற்செயலன்று. குளிர்காலத்தில் வானத்தின் மேலடுக்கில் ஓடும் அசுரக் காற்று எவரெஸ்ட் உச்சியை அறைந்துகொண்டே இருக்கும். மே மாதத்தில் பருவமழை நெருங்க நெருங்க அந்தக் காற்று வடக்கே விலகும். அது விலகுவதற்கும் பருவமழை வந்து பனி கொட்டுவதற்கும் இடையில் சில நாள்களே அமைதி. அந்தச் சில நாள்களைக் கண்டுபிடிக்கத்தான் மலையேறிகள் வாரக்கணக்கில் கூடாரத்தில் காத்துக் கிடக்கிறார்கள். காத்திருப்பதும் மலையேற்றத்தில் ஒரு பாகந்தான்.

இன்று நமக்குள்ள வழிகள் என்னென்ன?

முதலாவது, கைப்பேசியே. பள்ளத்தாக்கில் லைன் கிடைக்காத இடத்திலும் மேட்டு முகட்டில் சிலவேளை கிடைக்கும். நாள் முழுதும் கைப்பேசியைத் திறந்தே வைத்திருந்தால், கோபுரத்தைத் தேடித் தேடியே அதன் மின்கலம் தீர்ந்துவிடும். ஆகவே விமானப் பயண நிலையில் அணைத்து வைத்து, முகட்டுக்கு வந்ததும் திறந்து பாருங்கள். எந்தெந்த முகட்டில் லைன் வரும் என்பது வழிகாட்டிக்குத் தெரியும். முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி. உள்ளங்கையில் அடங்கும். கோபுரம் தேவையில்லை, வானம் தெரிந்தால் போதும். அடர்ந்த மரத்தடியிலும் ஒடுங்கிய பள்ளத்திலும் தாமதமாகும். சுருக்கமான செய்தி அனுப்பலாம், வாங்கலாம். நிற்கும் இடத்துக்குரிய வானிலையையே கேட்டு வாங்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. ஆபத்தில் உதவிக்கு அழைக்கும் பொத்தானும் உண்டு. விலை அதிகம், மாதக் கட்டணமும் உண்டு என்பதால் ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. குழுவுக்கு ஒன்று, வாடகைக்குக் கிடைத்தால் வாடகைக்கு. ஓர் எச்சரிக்கை: இந்தியாவுக்கு யாத்திரை போகிறவர்கள், பத்ரிநாத், கேதார்நாத் என்று கிளம்புகிறவர்கள், இத்தகைய கருவியைக் கேட்காமல் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அங்கே செயற்கைக்கோள் தொலைபேசிக்கு அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதியின்றிக் கொண்டுபோய் விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டவர் உண்டு.

மூன்றாவது வழிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: கீழே இருக்கும் ஒரு மனிதர். அண்ணனோ, நண்பனோ, அக்காள் கணவரோ, பொறுப்பான ஒருவர். எவ்வளவு விலையுள்ள கருவியும் அதற்கு மறுமுனையில் ஆள் இல்லாவிட்டால் பாதிப் பயன்தான். மலைக்குள் இருப்பவனுக்கு மழை மேகம் எங்கே திரள்கிறது என்று மழை ராடார் படத்தைப் பார்க்கமுடியாது; வீட்டில் இருப்பவர் பார்க்கலாம். அவர் அனுப்பவேண்டியது நாலே நாலு தகவல்: மழை எத்தனை மணிக்குத் தொடங்கக்கூடும், இடி உண்டா, காற்று எப்படி, எச்சரிக்கை ஏதேனும் வந்திருக்கிறதா. "பிற்பகல் 2க்குமேல் இடி. மஞ்சள் எச்சரிக்கை. ஆற்றைக் கடக்காதே." இவ்வளவு போதும். "பார்த்து வாப்பா, பத்திரம்" என்பதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கு நேரமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரை, மாலை ஆறரை என்று இரண்டு வேளை. அந்த வேளையில் செய்தி வராவிட்டால் என்ன பொருள் என்பதையும் பேசி வையுங்கள். "ஒன்றும் வரவில்லை, ஆகவே எல்லாம் நலம்" என்று மலையில் இருப்பவன் எடுத்துக்கொள்ளக்கூடாது. செய்தி வராவிட்டால் வானிலை தெரியவில்லை என்று மட்டுந்தான் பொருள். தெரியாத நாளில் மோசமான நாளுக்குரிய கவனத்தோடு நடக்கவேண்டும்.

கருவி ஒன்றும் இல்லாதபோது

மின்கலம் தீர்ந்துவிட்டது, கருவி நனைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கண்ணும் காதுந்தான் துணை.

காலை பத்து மணிக்கெல்லாம் வெள்ளை மேகங்கள் காலிஃபிளவர் பூப்போல மேல்நோக்கிக் குவிந்து வளர்ந்தால், பிற்பகலில் இடி என்று எதிர்பாருங்கள். அதன் அடி கறுத்து, தலை கொல்லன் பட்டடைபோல் தட்டையாக விரிந்தால் பக்கத்தில் எங்கோ கொட்டத் தொடங்கிவிட்டது. புழுக்கமாக இருந்த இடத்தில் திடீரென்று குளிர்ந்த காற்று வந்து முகத்தில் அடித்தால் இன்னும் சில நிமிடந்தான்.

மின்னலைக் கண்டதும் இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முகட்டில் நிற்காதீர்கள், தனிமரத்தடியில் ஒதுங்காதீர்கள், கீழே இறங்குங்கள். கடைசி இடி ஓய்ந்து அரைமணி நேரம் ஆகும்வரை மீண்டும் மேலே ஏறவேண்டாம்.

நம் நாட்டில் காலை வானம் எப்போதும் பத்திரம் என்றும் நம்பிவிடக்கூடாது. மலாக்கா நீரிணையைத் தாண்டிவரும் 'சுமத்ரா' புயல்காற்றைப் பால்வெட்டுக்காரர்கள் நன்கு அறிவார்கள். தென்மேற்குப் பருவக் காலத்தில் பின்னிரவிலோ விடிகாலையிலோ மேற்கிலிருந்து கறுப்புச் சுவர்போல் வந்து அன்றைய வெட்டையே கெடுத்துவிட்டுப் போகும். சூரிய உதயம் பார்க்க மேற்குக் கரை மலைகளில் இருட்டில் ஏறுகிறவர்கள் மேற்குத் திசையில் மின்னுகிறதா என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

கைக்கடிகாரத்திலேயே காற்றழுத்தமானி வருகிறது. அழுத்தம் குறைந்தால் புயல் வரும் என்று மேல்நாட்டு நூல்களில் படித்துவிட்டு, நம் இளைஞர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். இமயமலையில் அது நல்ல துணை. இரவில் 4,000 மீட்டர் என்று காட்டிய கடிகாரம், நீங்கள் கூடாரத்தை விட்டு நகராமலே மறுநாள் 4,050 என்று காட்டினால், மலை வளர்ந்துவிடவில்லை, அழுத்தம் இறங்கியிருக்கிறது, வானிலை கெடப்போகிறது. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் நாட்டில் காற்றழுத்தம் கடலலைபோல் நாளுக்கு இருமுறை தானாகவே ஏறி இறங்கும். காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உயரும்; மாலை நாலு மணியளவிலும் விடிகாலை நாலு மணியளவிலும் தாழும். வித்தியாசம் மூன்று நாலு மில்லிபார் வரும். வெயில் காயும் நாளிலும் அப்படித்தான். இங்கே இடிமழைக்கு இதைவிடப் பெரிய அழுத்த மாற்றம் தேவையில்லாததால், மானியைப் பார்த்து மழை சொல்லமுடியாது. இங்கே மேகமே நல்ல மானி.

ஆற்றை மறந்துவிடாதீர்கள். தலைக்குமேல் நீல வானம் இருக்கும். மேலே மலையில் கொட்டியிருக்கும். அந்த வெள்ளம் ஒரே மூச்சில் இறங்கி வருவதைத்தான் மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் குனோங் ஜெராய் மலையிலிருந்து அப்படி இறங்கிய வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைக் கொண்டுபோனது நினைவிருக்கும். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலிருந்து இரைச்சல் பெருத்தால், பாத்திரத்தையும் துணியையும் எடுக்க நிற்காதீர்கள். கரையேறி மேட்டுக்கு ஓடுங்கள். கோலா தகானிலிருந்து தகான் மலைக்குப் போகும் பழைய வழி ஆற்றைப் பலமுறை கடக்கிறது. அங்கே நீர் ஏறியிருந்தால் வடியும்வரை காத்திருப்பதே ஒழுங்கு. அதற்காகவே ஒருநாள் உணவு கூடுதலாகக் கொண்டுபோக வேண்டும். உணவு தீர்ந்தவன்தான் அவசரப்பட்டு ஆற்றில் இறங்குவான்.

திரும்பும் நேரம்

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. செய்தி கிடைக்கும்; மேகமும் தெரியும்; ஆனால் உச்சி இன்னும் அரைமணி நேரந்தான் என்ற ஆசை விடாது. செலவழித்த காசு, எடுத்த விடுப்பு, நண்பர்கள் கேலி எல்லாம் சேர்ந்து காலை மேலே இழுக்கும். அந்த நேரத்தில் முடிவெடுக்கச் சொன்னால் எவரும் தடுமாறத்தான் செய்வார்கள். ஆகவே முடிவை வீட்டிலேயே எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். "பகல் பன்னிரண்டு மணி. எங்கே நின்றாலும் திரும்புகிறோம். அதற்குமுன் இடி கேட்டால் அப்போதே திரும்புகிறோம்." குழுவில் ஒருவர் சொன்னாலும் எல்லாரும் திரும்பவேண்டும், ஏன் என்று வாதம் கூடாது.

கினபாலுவில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. முதல் நாள் ஏறிப் பனலாபானில் தங்குகிறார்கள்; அதிகாலை இரண்டு, இரண்டரை மணிக்குக் கிளம்பி உதயத்துக்கு உச்சியை அடைந்து, மேகம் சூழுமுன் இறங்கிவிடுகிறார்கள். வழிகாட்டி இல்லாமல் ஏறமுடியாது. பாறையில் நீர் ஓடும் மழையோ கடுங்காற்றோ இருந்தால், எவ்வளவு தொலைவிலிருந்து வந்திருந்தாலும் மேலே விடமாட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே திரும்புகிறவர்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் திரும்புகிறார்கள் அல்லவா? மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. "போகாதே" என்று தடுப்பதால் பிள்ளைகள் போகாமல் இருக்கமாட்டார்கள், சொல்லாமல் போவார்கள். சொல்லாமல் போனவனுக்குக் கீழிருந்து செய்தி அனுப்ப ஆள் இராது. அதைவிட, கூடவே உட்கார்ந்து கேளுங்கள்: எந்த மலை, எந்த வழி, எத்தனை நாள்? வழிகாட்டி யார்? எத்தனை மணிக்குச் செய்தி? எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? எந்த நேரம் தாண்டினால் நாங்கள் 999க்கு அழைக்கவேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளையைத் தைரியமாக அனுப்பலாம். தெரியாத பிள்ளைக்கு இன்னும் ஒரு மாதம் தயாராக நேரம் கொடுங்கள்.

அந்தத் தாயாரிடமும் இதையேதான் சொன்னேன். "போன்ல பாத்துட்டேம்மா" என்றால் பாதி வேலைதான் ஆயிற்று. அந்தப் போன் வேலை செய்யாத இடத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டு எழுதி வாங்குங்கள் அம்மா, அந்தத் தாளைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டு, ஆறரை மணிக்கு மறக்காமல் செய்தி அனுப்புங்கள் என்றேன். "எனக்கு அந்த மழைப் படமெல்லாம் பாக்கத் தெரியாதே டீச்சர்" என்றார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய இளைய மகளுக்குத் தெரியும். அவளையே அந்த வேலைக்கு அமர்த்தியிருக்கிறோம்.

அடுத்த மாதம் வேறொரு செய்தியோடு சந்திப்போம். மலைக்குப் போகும் பிள்ளைகளே, நல்லபடியாய்ப் போய் நேரத்தோடு திரும்பி வாருங்கள்.